குடிபுகும் முன்பே எரிந்து தீரும் எரிபொருள்

மதுரையில் வீட்டு வரைபடம் கேட்டு என்னிடம் வருபவர்கள் சோலார் தகட்டைப் பற்றியும் ஐந்து நட்சத்திர ஏ.சி.யைப் பற்றியும் விரிவாக விசாரிக்கிறார்கள். ஆனால் பால் காய்ச்சுவதற்கு முன்பே அந்த வீட்டுக்காக எவ்வளவு நிலக்கரியும் விறகும் எரிந்திருக்கும் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. சிமெண்ட், கம்பி, செங்கல் ஆகிய மூன்றிலேயே அதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கரைப் பெறச் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டுமே ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கும் சற்று மேலாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்த பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டில் கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைவு என்பதால், சாதாரண வீடுகளுக்கு அதையே எழுதிக் கொடுக்கிறேன். அது மெதுவாக இறுகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-ன்படி 10 நாட்களுக்குக் குறையாமல் நீராற்ற, அதாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுபவர்கள் சிக்கனம் பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பூச்சு வேலையில் நடக்கும் விரயம் கண்ணுக்குத் தெரியாதது. கலவையில் தண்ணீர் கூடிவிட்டால், கொத்தனார் ஈரச் சுவரின்மீது வெறும் சிமெண்டைத் தூவி பூச்சைச் சமன்படுத்தும் மணியாஸ் கட்டையால் தேய்த்துவிடுவார். சுவர் பளபளப்பாகும், பிறகு அந்தச் செறிவான மேல்தோல் சுருங்கி, மயிரிழை விரிசல்கள் ஓடும். சிமெண்டும் போய், சுவரும் கெடுகிறது.

செங்கலை நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறக்குறைய கால்பங்குக் கல் மிச்சமாகும். உள்ளே வெப்பமும் குறையும். சேம்பர் சூளையில் சுட்ட, அளவு சீராக உள்ள சேம்பர் கல் இதற்குத் தேவை. கோணல்மாணலான நாட்டுக்கல் ஒத்துவராது.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளை இடிக்கும்போது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்கள் தட்டினால் முழுதாகக் கழன்றுவிடும். சிமெண்ட் கலவையில் கட்டியவை சாந்தை விடாமல் உடைந்துபோகும். ஒருமுறை சுட்ட கல்லை மறுபடி சுட வேண்டியதில்லை என்பதால், இடிப்பு வேலைக்காரரிடம் பேரம் பேசும்போதே முழுக் கற்களைத் தனியே அடுக்கித் தரச் சொல்லிவிடுங்கள். உப்புப் பூத்தவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றை உள்தடுப்புச் சுவர்களுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம்.