மூக்கிலிருந்து மூளைக்கு வந்த அணுக்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு எலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பனைக் குலையைக் கொறிக்கும். மூன்று வாரம் சுமந்து குட்டி போடும். அதற்காகவே தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். இந்தப் பெருக்கத்துக்கான உத்தரவு எங்கிருந்து கிளம்புகிறது?

சுண்டெலியின் மூளையில் சுமார் ஏழு கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறத்தாழ 800 மட்டுமே ஜிஎன்ஆர்எச் என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, இனப்பெருக்க ஹார்மோன்களை வெளியிட வைக்கிறது. இந்தப் பெப்டைடு பிறவியிலேயே இல்லாத சுண்டெலி பருவமடைவதில்லை. அத்தகைய ஆண் எலிகளின் மூளையில், கருவிலிருந்த ஓர் எலியின் மூளைத் திசுவை 1982இல் பொருத்தினார்கள், விரைகள் வளர்ந்தன. அத்தனை சிறிய திசுவுக்கு அவ்வளவு வலிமை!

இந்த 800 அணுக்களைக் கண்டுபிடிப்பது எப்படி? மூளையை ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறார்கள். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டையை என் அம்மா சீவிய நேர்த்தி நினைவுக்கு வருகிறது. இது அதைவிடப் பல மடங்கு மெல்லியது. பெப்டைடை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தை அந்தச் சீவலில் இட்டு, நொதியின் உதவியால் பழுப்பு நிறம் ஏற்றுகிறார்கள். எதிர்ப்பொருளில் முன்கூட்டியே பெப்டைடைக் கலந்துவிட்டால் நிறம் பிடிக்கக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல், அணுக்கள் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

பழுப்பு மிக அடர்த்தியாகத் தெரிவது மூளையின் கீழ்ப்பகுதியான ஹைப்போதலாமஸின் அடிப்புறத்தில். ஆனால் அங்கே அணு உடல்கள் அநேகமாக இல்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளி வாளியாகப் பால் இருக்கும். மரம் நிற்பதோ வேறெங்கோ. அணுக்கள் முன்புறத்தில் சிதறிக் கிடக்கின்றன, செம்பனை நட்ட பிறகும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடப்பட்ட பழைய பால்மரங்களைப் போல. அவற்றின் நீண்ட இழைகள்தாம் அடிப்புறம்வரை வந்து, பிட்யூட்டரிக்குப் போகும் இரத்தக் குழாய்களில் பெப்டைடை விடுகின்றன. ஆகவே பெப்டைடைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கும் ஆர்என்ஏவைத் தேடும் இன்னொரு முறையையும் கையாளுகிறார்கள். அது பெப்டைடு உருவாகும் அணுவையே காட்டிக்கொடுக்கும்.

சிதறலுக்குக் காரணம் 1989இல் தெரிந்தது. வெவ்வேறு வயதுடைய எலிக்கருக்களைச் சீவிப் பார்த்தபோது, இந்த அணுக்கள் முதலில் மூக்கில் தென்பட்டன. பிறகு முகர்வு நரம்புகளின் வழியே மெல்ல மூளைக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன. மனிதக் கருவிலும் அதே பாதைதான். அந்தப் பயணம் தடைபட்டால் கால்மன் நோய்க்குறி: பிள்ளைக்கு வாசனை தெரியாது, பருவமும் தானாக வராது.