மாஹேயின் ஜூன், காரைக்காலின் ஜூன்: ஒரு வடிகட்டி வேலை செய்யும் விதம்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளும் ஒரே கடலைப் பார்த்து அமைந்தவை அல்ல. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும் வங்கக் கடல் பக்கம் இருக்க, மாஹே மட்டும் கேரளத்தால் சூழப்பட்டு அரபிக் கடலோரம் இருக்கிறது. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் 61 நாள்தான்; ஆனால் ஜூன் 20 அன்று காரைக்காலில் கடலுக்குப் போகலாம், மாஹேயில் போகக் கூடாது. கட்டுமரம் போன்ற பாரம்பரியக் கலங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு துறைமுகம் தொடங்கி மாஹே வரை கரைசேரும் மீனையெல்லாம் பதிவு செய்யும் ஒரு தரவுத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவிலும் பகுதி, மீனினம், எடை, ஏல விலை, படகு வகை, கரைசேர்ந்த நேரம் ஆகிய புலங்கள் உள்ளன. அதன் முன்னால் ஓர் ஏபிஐ நின்று, வெளியிலிருந்து வரும் கேள்விகளை வாங்கித் தரவுத்தளத்திடம் கேட்டுப் பதில் தருகிறது. இப்போது ஒருவர், ‘தடைக்காலத்தில் கரைசேர்ந்த, கட்டுமரம் அல்லாத படகுகளின் பதிவுகள் வேண்டும்’ என்கிறார்.

வேண்டிய பதிவுகளை மட்டும் பிரித்தெடுக்கும் வசதிக்கு வடிகட்டி என்று பெயர். பெரும்பாலான ஏபிஐகள் முதலில் தரும் வடிகட்டி இந்தக் கேள்விக்குப் போதாது. இணைய முகவரியின் வாலில் ‘பகுதி=மாஹே’, ‘இனம்=வஞ்சிரம்’ என்று இணைகளை ஒட்டுவதும், அவை எல்லாவற்றையும் ‘மற்றும்’ போட்டுச் சேர்ப்பதும்தான் அதன் முழுத் திறமை. நம் கேள்வியிலோ பகுதிக்கு ஏற்பத் தேதி மாறுகிறது. மாஹேயும் அதன் தேதிகளும் ஒரு கட்டாகவும், மற்ற மூன்று பகுதிகளும் அவற்றின் தேதிகளும் இன்னொரு கட்டாகவும் நின்று, இரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ வர வேண்டும். இரண்டு முறை கேட்டுப் பதில்களை ஒட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒட்டலாம், ஆனால் விலைப்படி வரிசைப்படுத்துவதும், பக்கம் பக்கமாகப் பிரித்துத் தருவதும் அதன்பின் கேட்பவர் தலையில் விழுந்துவிடும்.

‘அல்லது’ உள்ளே வந்தவுடன் அடைப்புக்குறியும் கூடவே வந்தாக வேண்டும். ‘பகுதி காரைக்கால் அல்லது பகுதி மாஹே மற்றும் விலை 500க்கு மேல்’ என்று வெறுமனே எழுதினால், தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி ‘மற்றும்’ என்பதையே முதலில் இறுக்கிக் கட்டும். 2+3×4 என்பதில் பெருக்கல் முந்திக்கொள்வதைப் போல. விளைவாக, காரைக்காலின் எல்லா விலைப் பதிவுகளும் மாஹேயின் 500க்கு மேற்பட்ட பதிவுகளும் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் ஒழுங்காகத்தான் தெரியும், தவறாக இருக்கும். இவ்வகைப் பிழைகளில் எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான்.

ஆகவே மேம்பட்ட வடிகட்டியை ஒரு மரமாக அமைப்பது வழக்கம். இலைகளில் ‘புலம், ஒப்பீடு, மதிப்பு’ என்ற எளிய நிபந்தனைகள் இருக்கும். கிளைகள் கூடும் கணுக்களில் ‘எல்லாம்’, ‘ஏதேனும்’, ‘அல்ல’ என்ற மூன்றில் ஒன்று இருக்கும். தரவை அடுக்கடுக்காக எழுதி அனுப்பும் ஜேசன் வடிவில் இந்த மரம் அப்படியே வந்து சேர்வதால், எது எதோடு கட்டப்பட்டுள்ளது என்ற ஐயத்துக்கே இடமில்லை. ஏபிஐயின் உள்ளே ஒரு சிறு நிரல் உச்சியிலிருந்து இறங்குகிறது. கணுவைக் கண்டால் அதன் பிள்ளைகளுக்குள் தானே மறுபடி நுழைகிறது. இலையைக் கண்டால் ஒரு துண்டு எஸ்க்யூஎல் எழுதுகிறது. திரும்பி ஏறும்போது துண்டுகளை அடைப்புக்குறிக்குள் இட்டு இணைக்கிறது. மாஹே கிளையிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: (பகுதி = ? மற்றும் நேரம் >= ? மற்றும் நேரம் < ?).

அந்தக் கேள்விக்குறிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. மதிப்புகளை வினவல் வாக்கியத்துக்குள் ஒட்டாமல் தனியே அனுப்புவதற்கான இடங்கள் அவை. ஒட்டினால், மீனின் பெயர் கேட்ட இடத்தில் ஒருவர் வஞ்சிரம்' அல்லது '1'='1 என்று எழுதி, மேற்கோள் குறியை நடுவிலேயே மூடிவிட்டு, 1=1 எப்போதும் உண்மை என்பதால் எல்லாப் பதிவுகளையும் அள்ளிக்கொண்டு போக முடியும். தனியே அனுப்பினால் அந்த முழுச் சரமும், அதாவது எழுத்துத் தொடரும், ஒரு மீனின் பெயராகவே பார்க்கப்படும். அப்படி ஒரு மீன் இல்லை என்பதோடு கதை முடியும். ஆனால் புலத்தின் பெயரையும் வரிசைப்படுத்தும் திசையையும் இவ்வாறு கேள்விக்குறியிட்டு அனுப்ப முடியாது. அவற்றை, அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். மதிப்புகளைக் கவனமாகக் கையாண்டுவிட்டுப் புலப்பெயரை அப்படியே ஒட்டிவிடும் நிரல்களை இன்றும் பார்க்க முடிகிறது.

‘அல்ல’ என்ற கணு தனி ரகம். ‘அ அல்லது ஆ’ என்பதன் மறுப்பு, ‘அ அல்ல மற்றும் ஆ அல்ல’ என்பதற்குச் சமம். இந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மறுப்பை இவ்விதியின்படி இலை வரை தள்ளிக்கொண்டு போனால், ‘500க்கு மேல் அல்ல’ என்பது ‘500 அல்லது அதற்குக் கீழ்’ என்று நேர்க் கூற்றாக மாறி, பின்னால் வரும் தேடலுக்கு வசதியாகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஏலக்கூடத்து அவசரத்தில் படகு வகையை எழுதாமல் விட்ட பதிவில் அந்தப் புலம் காலியாக இருக்கும். எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையும் உண்டு. காலிப் புலம் கட்டுமரமா என்று கேட்டால் தெரியாது. கட்டுமரம் அல்லவா என்று கேட்டாலும் தெரியாது. உண்மை என்று தேறிய பதிவுகளே விடையில் வரும். எனவே கட்டுமரப் பதிவுகளையும் கட்டுமரம் அல்லாதவற்றையும் கூட்டினால் மொத்தம் வராது. வடிகட்டி மொழியில் ‘காலியாக உள்ளது’ என்ற ஒப்பீட்டைத் தனியே தந்து, மறுப்பில் காலிப் பதிவுகள் சேருமா சேராதா என்பதையும் ஆவணத்தில் எழுதிவிடுவதே முறை.

தேதியிலும் ஒரு பொறி உண்டு. நேரத்தோடு சேர்த்துச் சேமித்த புலத்தில் ‘ஜூன் 14 வரை’ என்று கேட்டால், கணினி அதை ஜூன் 14இன் நள்ளிரவுத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். 61 நாள் 60 ஆகிவிடும். ஆகவே ‘ஜூன் 15க்கு முன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. அதோடு முடியவில்லை. பல தரவுத்தளங்களில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிப்பார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. தடை முடிந்த நள்ளிரவில் கிளம்பி, ஜூன் 15 விடிகாலை 3.30க்குக் கரை சேர்ந்த படகின் பதிவு, உள்ளே ஜூன் 14 இரவு 10.00 என்று இருக்கும். நேர மண்டலத்தைச் சொல்லாமல் வடிகட்டினால், விதியை மீறாத அந்தப் படகு மீறியவர் பட்டியலில் ஏறிவிடும்.

இவ்வளவும் விடை சரியாக வருவதற்கு. விரைவாக வருவதற்கு இன்டெக்ஸ் வேண்டும்; நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, எந்தப் பதிவு எங்கே என்று காட்டும் வரிசை அது. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய பி-மரம்தான் இன்றைய தரவுத்தளங்களின் பொதுவான இன்டெக்ஸ். அதன் ஒரு பக்கத்தில் 300 சாவிகள் (தேடப் பயன்படும் மதிப்புகள்) அடங்கும் என்று கொண்டால், மூன்று அடுக்கில் 300×300×300, அதாவது 2 கோடியே 70 லட்சம் பதிவுகளை எட்டலாம்; மூன்றே பக்கங்களைப் புரட்டினால் தேடியது கையில். ‘பகுதி, நேரம்’ என்ற வரிசையில் கூட்டு இன்டெக்ஸ் அமைத்தால், முதலில் மாஹே என்ற கட்டுக்குள் புகுந்து, அதற்குள் ஜூன் 1இலிருந்து நேராக நடந்துகொண்டே போகலாம். ‘நேரம், பகுதி’ என்று மாற்றி அமைத்தால், அந்த இரண்டு மாதத்தின் நான்கு பகுதிப் பதிவுகளையும் தாண்டித்தான் மாஹேயைப் பொறுக்க வேண்டியிருக்கும். சமம் கேட்கும் புலம் முன்னே, வரம்பு கேட்கும் புலம் பின்னே என்பது இதனால்தான். பெயரின் நடுவில் வரும் எழுத்துகளைத் தேடும் ஒப்பீட்டுக்கு இந்த மரம் உதவாது. அகராதியில் ‘ஞ்சி’ என்று நடுவில் வரும் சொற்களைத் தேடுவதற்கு ஒப்பான வேலை அது. ஆகவே எந்தப் புலத்துக்கு எந்த ஒப்பீடு என்பதையும் அனுமதிப் பட்டியலிலேயே சேர்த்துவிட வேண்டும். மரத்தின் ஆழம், நிபந்தனைகளின் எண்ணிக்கை, வினவல் ஓடக்கூடிய நேரம் ஆகியவற்றுக்கும் உச்சவரம்பு தேவை. இல்லையென்றால் ஒரே ஆளின் ஒரே கேள்வி மற்ற எல்லோரையும் காக்க வைத்துவிடும்.

கடைசியாக, தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கே உரிய ஒரு தொல்லை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில், ‘ொ’ என்ற குறியை ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம். ‘ெ’, ‘ா’ என்ற இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ‘கொடுவா’ என்ற மீன்பெயர் ஒரு விசைப்பலகையிலிருந்து ஆறு குறியெண்களாகவும் இன்னொன்றிலிருந்து ஏழாகவும் வரக்கூடும். குறியெண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட். தரவுத்தளத்துக்கு இவை இரண்டு வெவ்வேறு மீன்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் சரத்தை என்எஃப்சி எனப்படும் சீர்வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். புதுச்சேரியில் வஞ்சிரம் என்று ஏலம் போவதைக் கேரளத்தார் நெய்மீன் என்றும் அய்க்கூறா என்றும் சொல்வதை எந்தச் சீர்வடிவமும் ஒன்றாக்காது. அதற்கு ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஊர்ப் பெயர்களைத் தனி அட்டவணையில் வைத்து, மாஹே பதிவானாலும் காரைக்கால் பதிவானாலும் அந்த எண்ணைக் கொண்டே வடிகட்ட வேண்டும்.