ரெடியூசரைக் குறை சொல்லும் முன் ஸ்கேலை எடுங்கள்

"ரெடியூசர் டிஃபெக்ட், மாத்திக் குடுங்க" என்று இந்த வாரமும் குப்பம் ஊரிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. இதற்கு முன் வாணியம்பாடி, பலமநேர். எல்லாம் ஒரே கதை: எட்டு அங்குல ஷ்மிட்-கேசக்ரெய்ன் டெலஸ்கோப் (சுருக்கமாக எஸ்சிடி), அதன் பின்னால் குவியத் தூரத்தை 0.63 மடங்காகக் குறைக்கும் லென்ஸான ரெடியூசர், டிஎஸ்எல்ஆர் கேமரா. நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்கின்றன. ஓரத்துக்குப் போகப் போக இழுபட்டுக் கிடக்கின்றன, மூலைகள் இருண்டிருக்கின்றன. ரெடியூசரைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கும் கேமராவுக்கும் நடுவில், கண்ணால் பார்க்க ஒளியைத் திருப்பும் டயகனல் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்படித்தான் நல்ல லென்ஸ்கள் பாதி விலைக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

அதைவிடப் பெரிய தலைவலி, "ரெடியூசர் போட்டால் டெலஸ்கோப் அதிக வெளிச்சம் வாங்கும்" என்ற நம்பிக்கை. வாங்காது. முகப்பு 203 மி.மீ. என்றால் 203 மி.மீ.தான். ஒளி நுழைவது முன்பக்கம், ரெடியூசர் உட்காருவது பின்பக்கம். பின்னால் எதைத் திருகினாலும் முன்னால் விட்டம் கூடாது. நடப்பது இதுதான்: 2032 மி.மீ. குவியத் தூரம் சுமார் 1280 ஆகிறது, எஃப் எண், அதாவது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது, எஃப்/10-இலிருந்து எஃப்/6.3 ஆகிறது. நெபுலாவின் பிம்பம் சென்சாரில் சிறிதாக விழுகிறது. அதே ஒளி குறைவான பிக்சல்களுக்குள் அடங்குவதால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கிடைக்கிறது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். ஆனால் அந்த நெபுலாவிலிருந்து உங்கள் குழாய்க்குள் வந்த மொத்த ஒளி துளியும் கூடவில்லை. பக்கத்திலேயே ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைனு பாப்பு தொலைநோக்கியைப் பாருங்கள். முதன்மைக் குவியத்தில் எஃப்/3.25, கேசக்ரெய்ன் குவியத்தில் எஃப்/13. எந்தக் குவியத்தில் கருவியை மாட்டினாலும் ஒளி சேர்க்கும் ஆடி அதே 2.34 மீட்டர்தான். "மூணு மணி நேரம் எடுக்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் முடிச்சிடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். மங்கலான பொருளுக்கு மொத்த நேரம் வேண்டும்.

ரெடியூசரை வாங்க வேண்டியது அகலமான பார்வைக்காக. ஏபிஎஸ்-சி சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) சுமார் 40×27 ஆர்க்மினிட் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இருந்த பரப்பு 63×42 ஆகிறது. நம் ஊரில் தெற்கே முப்பது பாகை உயரத்துக்கு ஏறி வரும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் 36 ஆர்க்மினிட் அளவு. ரெடியூசர் இல்லாவிட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், போட்டால் முழுதாக அடங்கும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் மூன்று பாகை. அதற்கு இதுவும் போதாது, சின்ன ரிஃப்ராக்டர்தான் (லென்ஸ் டெலஸ்கோப்) வழி. வியாழனுக்கும் சனிக்கும் ரெடியூசரைக் கழற்றி வையுங்கள்.

இனி ரெடியூசருக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் இந்த எஃப்/6.3 ரெடியூசரின் பின் விளிம்பிலிருந்து சென்சார் வரை 105 மி.மீ. வேண்டும். கேனான் இஎஃப் பாடிக்குள் 44, கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி-ரிங் 11, ஆக 55. நிக்கானில் 46.5, டி-ரிங் 8.5, அதுவும் 55. இதோடு 50 மி.மீ. நீளமுள்ள எஸ்சிடி டி-அடாப்டரைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கும் கூல்டு கேமரா (சென்சாரைக் குளிர்விப்பது) என்றால் அந்த 50-க்குப் பிறகு 21, 16.5 என்று இரண்டு ஸ்பேசர் (இடைவெளி வளையம்). நடுவில் ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், 2 மி.மீ. ஃபில்டருக்கு 0.7. டயகனலுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

இந்தத் தூரம் கூடினால் குவியத் தூரம் இன்னும் குறையும், மூலை இருட்டும் கூடும். சந்தேகம் இருந்தால் ஒரு படத்தை பிளேட் சால்வ் செய்யுங்கள், அதாவது படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து அதன் அளவை மென்பொருளில் கணக்கிடுங்கள். பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் விடை ஒரு பிக்சலுக்கு 0.61 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு) பக்கத்தில் வர வேண்டும். 0.7 வந்தால் குவியத் தூரம் 1108-க்கு இறங்கிவிட்டது, கேமரா ரொம்பத் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம்.

ரிஃப்ராக்டர் ரெடியூசர்கள் பெரும்பாலும் 55 மி.மீ. கேட்கும், அங்கே அரை மில்லிமீட்டரும் தெரியும். மூலை நட்சத்திரங்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக நீண்டால் சென்சார் கிட்டே இருக்கிறது, ஸ்பேசர் சேருங்கள். மையத்தைச் சுற்றி வளைந்து நீண்டால் தூரம் அதிகம், குறையுங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டால் ஸ்பேசரைத் தொடாதீர்கள்; அது சாய்வு, அடாப்டர் நேராக உட்காரவில்லை. எஸ்சிடியில் இதெல்லாம் பார்ப்பதற்கு முன் காலிமேஷன், அதாவது ஆடிகளை ஒரே அச்சில் சரிசெய்வது. அது தவறியிருந்தால் எந்த ஸ்பேசரும் காப்பாற்றாது. இந்த ரெடியூசரில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஏபிஎஸ்-சி மூலைகளில் கொஞ்சம் இருட்டு மிஞ்சும், ஃபுல் ஃபிரேமுக்கு ஆசைப்படாதீர்கள்.

செலஸ்ட்ரானின் எட்ஜ் எச்டி டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம், அதற்கென்று 0.7 தனியாக இருக்கிறது. நியூட்டோனியன் வகை ஆடி டெலஸ்கோப்பில் ரெடியூசர் குவியத்தை உள்ளே இழுக்கும். ஃபோகஸரில் உள்ளே போக இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இரண்டு ரெடியூசரை ஒன்றன் பின் ஒன்றாக மாட்டாதீர்கள். ஃபோகஸும் எஃப்/10-இல் இருந்ததைவிட இரண்டரை மடங்கு நுணுக்கமாகிறது, எனவே முகப்பில் மாட்டி ஃபோகஸைச் சரிபார்க்கும் பாடினோவ் மாஸ்க் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். மூலை இருட்டைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிளாட் ஃபிரேம் கட்டாயம், கேமராவைக் கழற்றினாலோ திருப்பினாலோ மறுபடியும் எடுங்கள்.

மார்கழிப் பனியில் நனைந்த ரெடியூசரை அப்படியே மூடி போட்டுப் பெட்டிக்குள் வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் திறந்து வைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மூடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி வையுங்கள். வெளியே படிந்த ஈரத்தைத் துடைத்துவிடலாம். உள் கண்ணாடிகளுக்கு நடுவில் பூஞ்சை பிடித்தால் நீங்களாகப் பிரிக்காதீர்கள். கண்ணாடிகளின் வரிசையும் திசையும் மாறினால் திரும்பப் பழையபடி சேர்ப்பது கஷ்டம்.