ஐம்பத்திரண்டு வாரக் கணக்கு: டென்னிஸ் தரவரிசை இயங்கும் விதம்

2022 ஜூலை 10 அன்று நோவக் ஜோகோவிச் விம்பிள்டன் பட்டத்தை வென்றார். மறுநாள் வெளியான தரவரிசையில் 3ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு இறங்கினார். கணினி பிழை செய்யவில்லை. ஆடவர் தொழில்முறை டென்னிஸ் தரவரிசை எதை அளக்கிறது என்பது தெரிந்தால் இந்த வினோதம் விளங்கிவிடும்.

1973 ஆகஸ்டில் ஆடவர் தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் சங்கமான ஏ.டி.பி. முதல் கணினித் தரவரிசையை வெளியிட்டபோது ருமேனியாவின் இலியே நஸ்டாசே முதலிடத்தில் இருந்தார். அதற்கு முன் பத்திரிகையாளர்களும் போட்டி அமைப்பாளர்களும் தத்தம் மதிப்பீட்டின்படி பட்டியலிட்டு வந்தனர். தொடக்க காலக் கணக்கு, பெற்ற புள்ளிகளை ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கும் சராசரி முறையாக இருந்ததால், ஒரு சிறிய போட்டியில் தோற்பதைவிட வீட்டில் ஓய்வெடுப்பதே சில வீரர்களுக்கு லாபமாக அமைந்தது. 1990இல் சராசரி கைவிடப்பட்டு, சிறந்த முடிவுகளை மட்டும் கூட்டும் முறை வந்தது.

இன்றைய முறையில் விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றை வெல்பவருக்கு 2000 புள்ளிகள். அடுத்தடுத்த நிலைப் போட்டிகளான மாஸ்டர்ஸ் 1000, ஏ.டி.பி. 500, ஏ.டி.பி. 250 ஆகியவற்றில் வெல்பவருக்கு அவற்றின் பெயரிலுள்ள எண்ணே புள்ளி. முன்னணி வீரர்களுக்கு நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் எட்டு மாஸ்டர்ஸ் போட்டிகளும் கட்டாயக் கணக்கு என்பதால், தகுதி பெற்றும் ஆடாமல் விட்டால் அங்கே பொதுவாகச் சுழியம் விழும்.

கணக்கின் உயிர்நாடி காலவரம்பில்தான் இருக்கிறது. ஈட்டிய ஒவ்வொரு புள்ளியும் 52 வாரங்கள் மட்டுமே நிற்கும். அடுத்த ஆண்டு அதே போட்டி முடியும்போது பழைய புள்ளி உதிர்ந்து, புதியது அந்த இடத்தில் அமரும். சென்ற ஆண்டு ஒரு ஏ.டி.பி. 500 போட்டியை வென்றவர் இவ்வாண்டு அதில் அரையிறுதியில் தோற்றால் 500 போய் 200 வரும், அதாவது 300 இழப்பு. அதே அரையிறுதியில் தோற்ற இன்னொருவர் சென்ற ஆண்டு காலிறுதியோடு வெளியேறியிருந்தால், அவருக்கு 100 லாபம். புள்ளிகளைத் ‘தக்கவைப்பது’ என்று வர்ணனையாளர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் தக்கவைக்க எதுவும் இல்லை, பழையது எப்படியும் போய்விடும், மீண்டும் ஈட்டத்தான் வேண்டும். ஜோகோவிச்சுக்கு நேர்ந்ததும் இதுவே. ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்கு விம்பிள்டன் தடை விதித்ததால் அவ்வாண்டு அங்கே தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படவில்லை. 2021இல் வென்ற 2000 உதிர்ந்தது, ஈடாக எதுவும் சேரவில்லை.

சதுரங்க வீரர்களை மதிப்பிடும் ஈலோ முறை எதிராளியின் வலிமையைப் பார்க்கும், இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. முதல் சுற்றில் உலகின் முதல்நிலை வீரரை வீழ்த்தினாலும், தகுதிச் சுற்றிலிருந்து வந்தவரை வீழ்த்தினாலும் கிடைப்பது ஒன்றே. 1990களில் வலிய எதிராளியை வென்றால் கூடுதல் புள்ளி தரப்பட்டு, 2000இல் அது நீக்கப்பட்டது. யாரும் காகிதத்தில் கூட்டிச் சரிபார்க்கக்கூடிய எளிமைக்காக இந்த இழப்பை ஏற்கலாம் என்பதே என் கருத்து. ஒரு கிராண்ட்ஸ்லாமும் வெல்லாத சிலியின் மார்செலோ ரியோஸ் 1998இல் முதலிடம் பிடித்ததையும் முறையின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓராண்டு முழுவதன் உழைப்பை அளந்தால் அத்தகைய விடையும் வரும்.

இந்தக் காலவரம்பு கடுமையாகத் தாக்குவது காயமடைந்தவரைத்தான். ஓராண்டு ஆடாதவரின் கணக்கு முற்றிலும் காலியாகிவிடும். கிராண்ட்ஸ்லாமின் 128 இடங்களில் 104 பொதுவாகத் தரவரிசைப்படியே நிரப்பப்படுவதால், குணமாகித் திரும்பினாலும் அவருக்குக் கதவு திறக்காது. ஆறு மாதங்களுக்குக் குறையாமல் விலகியிருந்தவருக்குப் ‘பாதுகாக்கப்பட்ட தரவரிசை’ தரப்படுவது இதற்காகவே. காயத்தின் முதல் மூன்று மாதங்களில் அவர் வகித்த இடங்களின் சராசரி அது. குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழைய மட்டுமே அது பயன்படும். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளியும் ஏறாது.