வெர்டிகோ: மயக்கமா, தலைச்சுற்றலா?

டாக்டரிடம் போய் "மயக்கமா வருது" என்று சொல்லிப் பாருங்கள். "மயக்கம்னா எப்படி? தலை சுத்துதா, கண்ணை இருட்டிக்கிட்டு வருதா?" என்று உடனே திருப்பிக் கேட்பார். இரண்டும் வேறு வேறு. 'வெர்டிகோ' முதலாவதற்கு மட்டுமே உரிய பெயர்.

லத்தீனில் 'வெர்டெரே' என்றால் திரும்புதல், திருப்புதல். வெர்டிகோ அதில் பிறந்தது. (செல்போன் அடிக்கடி கேட்கிற புது 'வெர்ஷன்' கூட அதே வேரில் முளைத்ததுதான்.) அசையாமல் இருக்கும்போதே நாமோ அறையோ சுழல்வதாகத் தோன்றுவது வெர்டிகோ. உயரத்தைக் கண்டு வரும் பயத்துக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள், அது தவறு.

பெரும்பாலும் கோளாறு காதுக்குள்தான். உட்செவியில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் நழுவிவிட்டால், படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றும். வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் விழி தானாக வெட்டி வெட்டி இழுப்பதால் பார்வையும் நிலைகொள்ளாது. பாரிஸில் புரொஸ்பர் மெனியேர் என்ற மருத்துவர் 1861-இல் காதைக் காட்டும்வரை பழி மூளை மேல்தான் இருந்தது. நம் ஊரில் இன்னும் பித்தத்தின் மேல்.

கண் இருட்டுவதற்குக் காரணங்கள் வேறு. சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவது, சர்க்கரை 70-க்குக் கீழே போவது, ரத்தசோகை. ஆனால் சுற்றலோடு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ பக்கவாதமாக இருக்கலாம். அப்போது சொல்லாராய்ச்சியெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மயக்கம்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. மயங்குதலுக்குக் கலத்தல் என்றும் பொருள். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் அப்படி வந்தவை. நினைவு தப்பினாலும் மயக்கம், கள் குடித்தாலும் மயக்கம், காதலித்தாலும் மயக்கம். இத்தனையைச் சுமக்கிற சொல் நோய்க்குப் பெயராக உதவாது. 'தலைச்சுற்றல்' கச்சிதம். கன்னடத்தில் 'தலெ சுத்து', மலையாளத்தில் 'தலகறக்கம்', தெலுங்கில் 'தல திரகடம்' என்று பக்கத்து வீடுகளிலும் தலைதான் சுற்றுகிறது. ராட்டினத்தை விட்டு இறங்கியதும் கால் தரையில் பாவாமல் வருகிறதே, அந்தக் 'கிறுகிறுப்பு'ம் நல்ல சொல்தான். அதன் ஓசையிலேயே ஒரு சுழற்சி இருக்கிறது.