மூன்று நாளில் அரிப்பு நின்றது, தொற்று ஏன் நிற்கவில்லை?

"ஏழு மாதக் கர்ப்பம். யோனியில் பூஞ்சைத் தொற்று. மருந்து வைத்த மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். மறுபடி வந்துவிட்டதே, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற, யோனிச் சுவர் செல்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. லாக்டோபேசிலஸ் பாக்டீரியாக்கள் அதிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி மற்ற கிருமிகளை விரட்டுகின்றன. இந்தத் தொற்றைத் தரும் கேண்டிடா பூஞ்சைக்கு மட்டும் அந்த அமிலம் ஒரு பொருட்டே இல்லை. சர்க்கரை நோயும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையில் எர்கோஸ்டெரால் செய்கிறது. யோனியில் வைக்கும் க்ளோட்ரிமசோல் போன்ற மருந்துகள் எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் என்சைமை மடக்கிவிடுகின்றன. ஏற்கெனவே உருவான சவ்வுக்கு உடனே ஆபத்தில்லை. பூஞ்சை வளர்ந்து பெருகப் பார்க்கும்போதுதான் சரக்குத் தட்டுப்பாடு தெரியும். எர்கோஸ்டெராலின் இடத்தில் அரைகுறை ஸ்டெரால்கள் போய் உட்கார, சவ்வு ஒழுகத் தொடங்கும். அடித்துக் கொல்வதைவிடப் பெருகவிடாமல் முடக்குவதே இந்த மருந்தின் வேலை. அரிப்பு நின்றாலும் பூஞ்சை மிச்சமிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு 7 நாள் சொல்வது இதனால்தான். உள்ளே வைக்கும் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்ப்பதற்கும், போரிக் அமிலம் கூடவே கூடாது என்பதற்கும் குழந்தையின் பாதுகாப்பே காரணம்.

முழுக்க வைத்தும் அடங்காவிட்டால், எந்தப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை வேண்டும். கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனம் இந்த மருந்துகளுக்கு எளிதில் மசியாது. அப்போது கைகொடுக்கக்கூடியது நிஸ்டாடின். அது எர்கோஸ்டெரால் தயாரிப்பைத் தொடுவதே இல்லை. சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெராலையே பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறது!

1950-ல் நிஸ்டாடினைக் கண்டறிந்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். ஜாடிகளில் மாதிரிகளைத் தபாலில் அனுப்பியே வேலை நடந்தது. ஹேசனின் தோழி வீட்டுப் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து. உரிமத்தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளில் சேர்க்கவே தயங்கும் இன்றைய ஆராய்ச்சி உலகம் இவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று: வெள்ளைப்படுதல் மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போனால் அது பெரும்பாலும் பாக்டீரியா வேலை. அதற்குப் பூஞ்சை மருந்து பலிக்காது. மெட்ரோனிடசோல் போன்றவை தேவைப்படும். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காமல் டாக்டரிடம் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுத்துப் பாருங்கள்.