ஊர்த் தண்ணீரும் மின்கெட்டிலும்: உப்புப் படிவை நீக்கும் சிக்கன வழி

சிங்கப்பூரில் சமையலறை மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் எங்களிடம் அடிக்கடி வரும் புகார்களில் ஒன்று, இங்கே வாங்கி ஊருக்கு எடுத்துச் சென்ற மின்கெட்டில் சில மாதங்களிலேயே கெட்டுவிட்டது என்பதாகும். பொருள் எங்கள் கைக்கு வருவதில்லை. வாட்ஸ்அப்பில் படம்தான் வருகிறது. அந்தப் படத்தில் பெரும்பாலும் தெரிவது, அடித்தட்டு முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளையாய் நகத்தால் பெயர்க்க முடியாத தடிப்பில் ஏறியிருக்கும் படிவு. இத்தகைய கெட்டில்களில் பல பழுதானவையே அல்ல. அவற்றைத் தூக்கி எறிவதற்கு முன், ஓரிரு வெள்ளிச் செலவில் முடியக்கூடிய ஒரு வேலையைச் செய்து பார்க்கலாம்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் கடின நீர் அன்று. உள்ளூர் நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர், கடல்நீரிலிருந்து எடுக்கப்படும் குடிநீர் ஆகிய நான்கு வழிகளில் கிடைக்கும் இந்த நீரில் சுண்ணச் சத்து குறைவாகவே இருக்கிறது. அதனால் இங்குள்ள வீட்டுக் கெட்டிலில் பல மாதங்கள் கழித்து மெல்லிய வெண்படலமோ பழுப்பு நிறப் புள்ளிகளோ தென்படுமே தவிர, பாறைபோல் எதுவும் படிவதில்லை. தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் வீடுகளின் நிலை வேறு. பிள்ளைகள் படிக்கச் செல்லும் லண்டனிலும் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. படியக்கூடிய சுண்ணம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு 5 லிட்டர் காய்ச்சினால், அது முழுவதும் படியும் பட்சத்தில், மாதத்திற்கு ஏறத்தாழ 45 கிராம் சேரும். உள்ளங்கை அகலமுள்ள ஓர் அடித்தட்டுக்கு அது மிக அதிகம்.

நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடு மிகுந்த இடமாகிய அடித்தட்டில் ஒட்டிக்கொள்கிறது. மக்கள் இதை உப்பு என்று சொன்னாலும், இது சுவரில் பூசும் சுண்ணாம்பின் நெருங்கிய உறவுதான். இதனால் மின்கட்டணம் ஏகமாய் உயரும் என்று சொல்லப்படுவதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. கெட்டிலுக்குள் பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி, சற்றுத் தாமதமானாலும், கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத இந்தப் படிவு தட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே நிற்பதால், தட்டின் அடிப்பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிறது. தண்ணீர் இல்லாமல் கெட்டில் எரிந்துவிடாதபடி காப்பதற்காக அங்கே பொருத்தப்பட்டிருக்கும் ஈருலோகத் தகடு, உள்ளே தண்ணீர் இருந்தும் அது வற்றிவிட்டதென்றே எண்ணி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. கொதிப்பதற்கு முன்பே கெட்டில் அணைந்துவிடுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்த நிலையிலேயே பல மாதம் ஓட்டினால் வெப்பக் கம்பியே கருகிவிடும்.

படிவை நீக்கச் சிட்ரிக் அமிலத் தூளைவிடச் சிக்கனமான பொருளை நான் கண்டதில்லை. தேக்கா வட்டாரத்து மளிகைக் கடைகளில் இதை எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். கேக் செய்யும் பொருள்களை விற்கும் கடைகளிலும் கிடைக்கும். 15 கிராம் தூள், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு, ஏறத்தாழ 11 கிராம் படிவைக் கரைக்கவல்லது. இதே வேலைக்கு 5 விழுக்காட்டுக் காடி (வினிகர்) கால் லிட்டருக்கு மேல் தேவைப்படும், அதன் நெடியும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சிறிய சமையலறையை விட்டு லேசில் போகாது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதென்றால் பத்துப் பழமாவது வேண்டும். அதை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்வது மேல்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது சூடும் வரிசையும்தான். படிவு மூழ்கும் அளவுக்கு, ஆனால் கெட்டிலின் பாதிக்கு மேற்போகாமல், தண்ணீர் ஊற்றிக் காய்ச்சியபின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும். கொதிப்பு முற்றிலும் அடங்கிய பிறகே, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். கொதிக்கும் நீரில் மொத்தமாகக் கொட்டினால் கரியமில வாயு ஒரேயடியாகப் பொங்கி, சுடுநீர் கைமேல் வழிந்துவிடும். அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கொட்டி, இருமுறை அலசி, நல்ல தண்ணீரை ஒருமுறை காய்ச்சிக் கொட்டிவிட்டால் போதும். மூக்கிலுள்ள சல்லடை கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் அதே நீரில் போட்டு எடுக்கலாம். கெட்டிலை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்துவது மட்டும் ஒருபோதும் கூடாது.

படிவு தடிமனாக இருந்தால் ஒரே தடவையில் முடியாது. அப்போது பலர் தூளை இரட்டிப்பாக்கி, அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவும் வைக்கிறார்கள். கால்சியம் சிட்ரேட் சூடான நீரில் குறைவாகவே கரையும் என்பதால், அப்படிச் செய்தால் கரைந்தது வெண்பொடியாகத் திரும்பவும் அடியில் படிந்து, படிவே போகவில்லை என்ற எண்ணத்தைத் தரும். பழைய கரைசலைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் புதிய கரைசலை ஊற்றி மறுபடி ஊறவைப்பதே சரி. கத்தியாலும் இரும்பு நாராலும் சுரண்ட வேண்டாம். கீறல் விழுந்த தட்டில் அடுத்த படிவு இன்னும் விரைவாகப் பற்றிக்கொள்ளும்.

புளியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் பொருள் கெட்டிலுக்கும் ஆகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் புளியிலுள்ள முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். அது சுண்ணத்தோடு சேர்ந்தால் நீரில் எளிதில் கரையாத இன்னொரு படிவே உண்டாகிறது. காணொளிகளில் காட்டுவதுபோல் காடியோடு ஆப்பச் சோடாவைக் கலப்பதில் நுரை மட்டுமே மிச்சம். சோடா காடியின் அமிலத்தைத் தீர்த்துவிடுவதால், படிவைக் கரைக்க அங்கே எதுவும் எஞ்சுவதில்லை. கழிவறைத் துப்புரவுக்கான ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஃகையே அரித்துவிடும். எந்த அமிலமாயினும் அதை வெளுப்பானோடு (பிளீச்) சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டம் குறைந்த சமையலறையில் இது உயிருக்கே ஆபத்து.

இந்தப் படிவு உடலுக்குள் போனால் சிறுநீரகத்தில் கல் வரும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. குடிநீரின் கடினத்தன்மைக்கு உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. கல் உருவாவதற்குத் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பது நன்கறியப்பட்ட காரணம் என்பதால், உப்புக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வதுதான் கெடுதல்.

ஊரில் கெட்டிலைப் பயன்படுத்துவோர் இரவில் மிச்ச நீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாலே படிவது கணிசமாகக் குறையும். மிதக்கும் துகள்கள் அடியில் தங்கி இறுகுவதற்கு இடமிராது. எதிர்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீர் இருந்தால், காய்ச்சுவதற்கு அதையே ஊற்றலாம். கடின நீருக்கு மாதம் ஒருமுறையும், சிங்கப்பூரில் வெண்படலம் கண்ணில் படும்போதும் மேற்சொன்ன வேலையைச் செய்தால் போதும்.

தட்டு பளிச்சென்று ஆன பிறகும் கெட்டில் பாதியிலேயே அணைந்தால், ஈருலோகத் தகடோ வெப்பக் கம்பியோ பழுதாகியிருக்கக்கூடும். அப்போது, அந்தத் தகட்டை விலக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்; தண்ணீர் வற்றினாலும் அணையாத கெட்டில் தீ விபத்தில் போய் முடியும். மலிவான கெட்டிலாக இருந்தால் பழுதுபார்க்கும் கூலியே புதியதன் விலையைத் தாண்டிவிடும் என்பதால், நானே புதிதாக வாங்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.